ஐந்தாவது மூச்சு

அன்றைக்குத் தண்டபாணி இரும்பு அலமாரிக்குள் ஏறி ஒளிந்துகொண்டபோது சபாபதிக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போனது. பின்னாளில் அவனுக்கு அதிகம் குமட்டியது இதை நினைத்துத்தான்.

கோவையில் அவிநாசி சாலையை ஒட்டிய கட்டடம் ஒன்றில், மூன்றாம் மாடியில், 'தாழ்' நிறுவனத்தின் அலுவலகம் இருந்தது. வெளியே போகக் கூடாத பேச்சுகளைக் காணொளியில் பேசுகிறவர்களுக்குக் கதவடைத்துத் தருவது அவர்கள் தொழில். கணவன் அடித்ததைச் சொல்ல வரும் பெண்கள், நோயைச் சொல்ல வரும் ஆண்கள், மேலதிகாரி மீது புகார் கொடுக்க வரும் தொழிலாளிகள் என்று வெளியே தெரிந்தால் வாழ்க்கையே போய்விடும் என்கிறவர்கள்தான் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். சபாபதி அங்கே தலைமைப் பொறியாளர். தண்டபாணி உடுமலைப் பக்கம் ஒரு பெரிய நூற்பாலையில் பொது மேலாளர். மில்லுக்கு இதை வாங்கலாமா என்று பார்க்க வந்திருந்தார். ஐம்பது வயது, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் மூச்சிரைப்புக்கு ஒரு இன்ஹேலர்.

"பேச்சையும் படத்தையும் சங்கேதமாக்கித்தான் அனுப்பறோங்க. நடுவுல எவன் புடிச்சாலும் வெறும் இரைச்சல்தான். எங்களுக்கே கேக்காது" என்றான் சபாபதி.

"அது சரிங்க. கம்பி வழியா எவனும் வர மாட்டான். கதவுக்குப் பொறகால ஒருத்தன் நின்னு கேட்டா?"

நல்ல கேள்வி. பத்தில் ஒன்பது பேர் இதைக் கேட்பதில்லை. சபாபதி உற்சாகமாகிவிட்டான். கணினியிலிருந்து மனிதக் காதுக்கு எட்டாத ஒரு சத்தம் அறைக்குள் பரவும், அது ஒவ்வொரு நெஞ்சிலும் பட்டுத் திரும்பி வரும் என்று விளக்கினான். ஏறி இறங்குகிற ஒவ்வொரு நெஞ்சுக்கும் திரையில் ஒரு கோடு. கூப்பிட்ட ஆட்களைவிடக் கோடு ஒன்று கூடினாலும் கூட்டம் திறக்காது. தண்டபாணி நம்பவில்லை. எழுந்து போய் அலமாரிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். சபாபதி கணினியை முடுக்கியதும் திரையில் இரண்டு கோடு வந்தது. மூச்சிரைப்புக்காரர் ஆதலால் அவர் கோடு ரம்பப்பல் மாதிரி இருந்தது.

"என்ற மூச்சையுமே புடிச்சுப் போட்டீங்களே" என்று சட்டைத் தூசியைத் தட்டியபடி வெளியே வந்தவர், இன்னொன்றும் கேட்டார். "ஊட்ல படுத்த படுக்கையா ஒருத்தர் கெடந்தா என்ன பண்றது? எந்திரிச்சு வெளிய போகச் சொல்ல முடியுங்களா?"

சபாபதி உருகிவிட்டான். அது அவன் வலிக்கிற இடம்.

முதன்முதலில் இதை வெளியிட்டபோது இரண்டு வாரம் ஒரு கூட்டமும் திறக்கவில்லை. திறந்தால்தான் அதிசயம். நம் ஊரில் ஒருவர் தனியாக உட்கார்ந்து பேச எந்த வீட்டில் அறை இருக்கிறது? ஹாலில் மாமனார் செய்தித்தாளோடு இருப்பார், தொட்டிலில் குழந்தை தூங்கும், மூலைக் கட்டிலில் பெரியம்மா கிடப்பாள். மாமனாரைப் பார்த்துக் கொஞ்சம் வெளியே போங்கள் என்று எந்த மருமகள் சொல்வாள்? வாங்கியவர்கள் எல்லாரும் திட்டித் தீர்த்தார்கள். அப்புறம்தான் 'மூச்சு விலக்கு' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கைக்குழந்தையின் மூச்சையும், படுக்கையில் கிடப்பவரின் மூச்சையும் எண்ண வேண்டாம் என்று வாடிக்கையாளர் குறித்துக் கொடுக்கலாம். டாக்டர் சான்றிதழ் கேட்கலாம் என்றாள் நிறுவனத் தலைவி கஸ்தூரி. சபாபதிதான் குதித்தான். அவன் அப்பா பக்கவாதத்தில் ஆறு வருடம் கிடந்தவர். உயிரோடு இருக்கிறார் என்று ஒவ்வொரு வருடமும் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஓய்வூதிய அலுவலகத்தில் காட்டியவன் இவன். படுத்துக் கிடப்பவரை நிரூபிக்கச் சொல்கிற அசிங்கத்தை நான் எழுத மாட்டேன் என்றான். அவன் பேச்சு எடுபட்டது. பேரும் வயதும் போட்டு ஒரு டிக் அடித்தால் போதும் என்று ஆனது.

இத்தனையையும் தண்டபாணியிடம் கதையாகச் சொன்னான், மடையன். தண்டபாணி அவன் தோளில் கை வைத்து, "நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றார். மில்லுக்கு வாங்கவும் செய்தார். தொழிலாளிகள் அத்தனை பேர் போனிலும் தாழ் ஏறியது.

ஒரு வருடம் கழித்து, அதே மில்லில் நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்த பேச்சித்தாய் என்கிற இருபத்திரண்டு வயதுப் பெண், அதே தண்டபாணி மீது புகார் கொடுத்தாள். என்ன புகார் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் விடுதி, மொட்டை மாடி, மேலாளரின் சாவிக்கொத்து என்றால் புரிந்துவிடும். மில்லின் புகார்க் குழுவில் மூன்று பேர். தலைவர் வத்சலா, ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். சட்டம் கேட்கிற வெளியாள் என்ற இடத்தில் வழக்கறிஞர் ஜமீலா. தொழிலாளர் சார்பில் ராஜாத்தி. பேச்சித்தாயோடு நான்கு பேர். வாரம் ஒரு அமர்வு, தாழ் வழியாக. கூப்பிடாத ஆள் எவரும் இல்லை என்று ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் சபாபதி கையெழுத்துப் போட்டுச் சான்று தருவான். மூன்று அமர்வுக்குத் தந்திருந்தான்.

நான்காம் அமர்வு நாளன்று காலை ஒன்பது மணிக்கு ஜமீலா போன் செய்தார். உள்ளே பேசுவது வெளியே போகிறது என்றார். முதல் அமர்வில் பேச்சித்தாய் விடுதி கேட் பதிவேட்டைப் பற்றிச் சொன்னாளாம், மறுநாள் அதில் நான்கு பக்கம் இல்லை. இரண்டாம் அமர்வில் சமையல்காரம்மாவைச் சொன்னாளாம், மறுநாள் அந்த அம்மாளை ரயிலேற்றி ஒடிசாவுக்கு அனுப்பியாகிவிட்டது. சபாபதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் சங்கேதத்தை உடைக்க இந்த உலகத்தில் ஆள் கிடையாது என்றான்.

"உடைச்சாங்கன்னு நான் சொல்லல சபாபதி. கேக்குறாங்கன்னு சொல்றேன்" என்றார் ஜமீலா. "இன்னைக்கு அந்தப் பொண்ணு சாட்சிங்க ரெண்டு பேரோட பேரைச் சொல்லணும். இன்னைக்குத்தான் கடைசி நாள். சொல்லலேன்னா சாட்சி இல்லேன்னு புகாரை மூடிருவாங்க. சொல்லி அது வெளிய போச்சுன்னா, அந்தப் புள்ளைங்க சாயங்காலம் ஹாஸ்டல்ல இருக்க மாட்டாங்க. எங்க இருப்பாங்கன்னும் எனக்குத் தெரியாது."

போனை வைத்துவிட்டு மூன்று அமர்வின் கோடுகளையும் எடுத்துப் போட்டான். பேச்சும் படமும் அவனுக்குக் கிடைக்காது. கோடுகள் மட்டும் கிடைக்கும். பேச்சித்தாய் ராஜபாளையத்தில் அக்கா வீட்டில் இருந்தாள். வீடே ஒற்றை அறை. அக்கா, மாமா, இரண்டு பிள்ளைகள் எல்லாரையும் தெருவில் நிறுத்திவிட்டு உட்காருகிறாள். மூன்று அமர்விலும் அங்கே ஒரே கோடுதான். ஜமீலா அறையில் ஒன்று, ராஜாத்தி அறையில் ஒன்று. வத்சலாவின் பெரிய வீட்டில் மட்டும் இரண்டு. இரண்டாவதற்கு விலக்கு இருந்தது. 'மாமியார், வயது 91, பக்கவாதம்.' பக்கவாதம் என்ற சொல்லைப் பார்த்ததுமே மூன்று முறையும் இரக்கப்பட்டுத் தாண்டிப் போயிருந்தான்.

இந்த முறை பார்த்தான். ரம்பப்பல்.

அலமாரிக்குள் பதிவான கோட்டைத் தேடி எடுத்து, மாமியாரின் கோட்டின்மேல் வைத்தான். பல்லுக்குப் பல் பொருந்தியது. யார் மீது புகாரோ அவனே பக்கத்துக் கட்டிலில் கிழவியாகப் படுத்துக்கொண்டு, தான் செய்ததை அந்தப் பெண் சொல்லச் சொல்ல, மூன்று வாரமாகக் கேட்டிருக்கிறான். தூ என்று வாய்விட்டே சொன்னான் சபாபதி. இன்னும் இருந்தது. இரண்டாம் அமர்வில் பேச்சித்தாயின் கோடு ஓரிடத்தில் கிழிந்து தொங்கியது. அழுகை. அதே நிமிடத்தில் மாமியாரின் கோடு துண்டு துண்டாக, சின்னச் சின்னதாக வெட்டுப்பட்டிருந்தது. எட்டு வருடமாகக் கோடு பார்க்கிறவனுக்கு அது என்னவென்று தெரியாதா? சிரித்திருக்கிறான். சத்தம் வராமல், வயிறு குலுங்க. இடையிடையே மூச்சு நின்று நின்று போயிருந்தது, காபி உறிஞ்சியிருப்பான் போல. சபாபதி எழுந்து போய்க் குழாயடியில் காலை டிபனைக் கக்கிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு கஸ்தூரியின் அறைக்குப் போனான்.

கஸ்தூரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். கெட்டவள் இல்லை, முகம் சுருங்கத்தான் செய்தது. வத்சலா முதல்வராக இருந்த கல்லூரி மில் முதலாளியின் அறக்கட்டளையுடையது என்று அவளே சொன்னாள். அப்புறம் சுளையிலிருந்து நாரை ஒவ்வொன்றாகப் பிரித்தபடி, இன்றைக்கு எதுவும் செய்ய வேண்டாம் என்றாள். அடுத்த மாதம் வரும் புதுப் பதிப்பில் விலக்கைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாமாம். கம்பிக்குத்தான் நாம் பொறுப்பு, அவரவர் வீட்டு அறைக்கு நாம் எப்படிப் பொறுப்பாக முடியும் என்றாள்.

"அந்தப் புள்ளைக பேரு இன்னைக்குப் போயிருமுங்க" என்றான்.

"நூத்தி நாப்பது மில்லுல நம்ம தாழ் இருக்குது சபா. ஒரு எடத்துல விலக்கு பொய்யின்னு எழுதிக் குடுத்தா, முடிஞ்ச கேஸ் அத்தனையும் மறுபடி தோண்டுவாங்க. அத்தனை பொண்ணுகளும் மறுபடி மொதல்ல இருந்து சொல்லோணும். அதையும் நெனச்சுப் பாரு."

இதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. பொய் சொன்னால் சண்டை போடலாம். இப்படி ஊரார் பெண்களின் கண்ணீரை எடுத்துத் தன் கதவுக்கு முட்டுக் கொடுப்பவளிடம் என்ன பேசுவது? அவன் வெளியே வந்தான். ஜமீலாவுக்குப் போன் போட்டான். போகவில்லை. மணி பதினொன்று ஆகிவிட்டது, கூட்டத்துக்குள் நுழைந்த போனுக்குத் தாழ் வேறு அழைப்பை விடாது. அந்த விதியை எழுதியவனும் அவன்தான்.

திரையில் நான்கு அறை, ஐந்து கோடு. மாமியார் வந்து படுத்துவிட்டாள்.

அவசரத்துக்கு மட்டும் என்று ஒரு பொத்தான் உண்டு. தீப்பிடித்தது, நிலநடுக்கம் என்றால் இயக்குபவர் கூட்டத்தோடு பேசலாம், அவர்கள் பேசுவதையும் கேட்கலாம். எட்டு வருடத்தில் ஒரு தடவையும் அதைத் தொட்டதில்லை. தொட்டால் வேலை போகும் என்று அவனுக்குத் தெரியும். பதினொன்று இருபதுக்குப் பேச்சித்தாயின் கோடு நீளமாக மேலே ஏறி நின்றது. எதையோ சொல்லப் போகிறவர்கள் இழுக்கிற மூச்சு. அவன் பொத்தானை அழுத்தினான்.

"தாழ்ல இருந்து சபாபதி பேசறேன். யாரும் எந்தப் பேரையும் சொல்லாதீங்க. நாலு பேரு இருக்க வேண்டிய கூட்டத்துல அஞ்சு பேரு இருக்காங்க."

எண்ணிக்கையை எல்லார் திரையிலும் தெரிகிற மாதிரி திறந்துவிட்டான். ஐந்து என்று காட்டியது.

வத்சலா பதறவில்லை. நாற்பது வருடம் மாணவிகளை அதட்டிய குரல். கூட்டத்துக்குள் பேச யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். தன் மாமியார் தொண்ணூற்றொரு வயதுக்காரி, எழுந்து உட்காரக்கூட முடியாதவள், முறைப்படி விலக்கு வாங்கியிருக்கிறது என்றார்.

"அது உங்க மாமியார் இல்லீங்க மேடம். தண்டபாணி" என்றான் சபாபதி.

 திரையில் எண்ணிக்கை மாறியது. நான்கு. ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டுவிட்டான். மூச்சு விடாவிட்டால் தான் இல்லை என்று ஆகிவிடும் என நினைத்தான் போலிருக்கிறது, ஆயிரத்தைந்நூறு பேரை மேய்க்கிற பொது மேலாளர். பத்து விநாடி, இருபது விநாடி. வத்சலா, பார்த்தீர்களா நான்குதான், இயந்திரக் கோளாறு என்றார். முப்பதாவது விநாடியில் வெடித்தது பாருங்கள் ஒரு இருமல். தொண்டையைக் கிழித்துக்கொண்டு, சளியோடு, இழுப்போடு, நிற்காமல் இருமினான். நடுவில் இன்ஹேலரை உறிஞ்சுகிற சத்தம் ராஜபாளையம் வரைக்கும் கேட்டது. எண்ணிக்கை ஐந்துக்குத் திரும்பியது.

"தம்பி ஏதோ பேப்பர் குடுக்க வந்துச்சு" என்றார் வத்சலா, குரல் இறங்கி.

"மூணு வாரமாவா மேடம்?" என்றார் ஜமீலா.

சபாபதிக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. வேலை போனால் போகிறது, நாம் ஒரு நல்லதைச் செய்துவிட்டோம் என்று ஒரு நினைப்பு. அப்போது பேச்சித்தாய் பேசினாள். அவள் குரலை அவன் முதல் தடவையாகக் கேட்கிறான்.

"சார், நீங்க யாரு? எத்தன நாளா இதுக்குள்ள இருக்கீக?"

"நான் காவலுக்கு இருக்கறவன்மா. மொதல் நாள்ல இருந்தே இருக்கேன். பேச்சு கேக்காது, முகமும் தெரியாது. மூச்சு மட்டுந்தான்."

"மூச்ச வச்சு என்ன தெரியும்?"

தயங்கினான். "பேசறாங்களா, பயப்படறாங்களா, அழுகறாங்களான்னு தெரியும்."

"ரெண்டாவது வாரம் நா கேமராவ அமத்திட்டேன், மைக்கையும் அமத்திட்டேன். அப்பவும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எம்புட்டு நேரம் அழுதேன்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. "பதினோரு நிமிசம்."

"வக்கீலம்மாவுக்கே தெரியாது. தெருவுல நின்ன எங்க அக்காளுக்கும் தெரியாது. யாரும் பாக்கலைன்னு நெனச்சுத்தான் அழுதேன்." அப்புறம் கேட்டாள். "அத என்ன செஞ்சீக?"

இவ்வளவு நேரம் இதைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், சபாபதி தனக்கே இதைச் சொல்லிக்கொள்ளாமல் இருந்ததுதான். அந்தப் பதினோரு நிமிடக் கோடு அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது. இரைச்சல் இல்லை, இடையூறு இல்லை. பார்த்ததுமே, அடடா என்று தனியாக எடுத்து வைத்தான். போன வாரம் சென்னையில் ஒரு கண்காட்சியில், பேர் ஊர் எதுவும் இல்லாமல், பெரிய திரையில் அதைப் போட்டுக் காட்டினான். எவ்வளவு துல்லியம் பாருங்கள் என்றான். முந்நூறு பேர் கை தட்டினார்கள். அப்புறம் பிரியாணி சாப்பிட்டார்கள், அவனும் சாப்பிட்டான். பல்லிடுக்கில் மாட்டிய ஏலக்காயைத் துப்பியதுகூட இப்போது நினைவுக்கு வந்தது. அந்தக் கட்டிலில் கிடந்தவனை நினைத்துக் காலையில் வாந்தி எடுத்தவனுக்கு, தன்னை நினைத்து எடுக்க வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை.

"சென்னையில ஒரு கூட்டத்துல காமிச்சேன்மா. உம்பேரு சொல்லல" என்றான்.

சீ என்றார் ஜமீலா.  பேச்சித்தாயின் கோடு ஆடாமல் சீராக ஏறி இறங்கியது. அதையும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"ராஜாத்தியக்கா, ஹாஸ்டல் புள்ளைக குரூப்புல இந்த லிங்க்கப் போடுங்க" என்றாள் அவள். "சார், இதுக்குப் போட்ட பூட்டு எல்லாத்தையும் எடுத்து விடுங்க."

ஜமீலா தடுத்தார். இது ரகசிய விசாரணை, வெளியே விடக் கூடாது, அந்தச் சட்டமே உன் பாதுகாப்புக்குத்தான் என்றார்.

"எனக்காக வச்ச ரகசியந்தானக்கா? எனக்கு வேணாம். பூட்டிக்கிட்டுப் பேசினேன், இவன் படுத்துக் கேட்டுருக்கான், அவரு பாத்துருக்காரு, மெட்ராஸ்ல முந்நூறு பேரு பாத்துருக்காக. கேக்க வேண்டிய எங்க புள்ளைக மட்டும் கேக்கல. தொறந்து விடுங்க சார்."

சபாபதி ஒவ்வொன்றாக எடுத்தான். எண்ணிக்கைத் தடையை, உள்ளே வருகிறவரின் முகத்தைச் சரிபார்க்கிற சோதனையை, கடைசியாக அவன் எட்டு வருடம் இழைத்துச் செய்த சங்கேதத்தை. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத ராஜாத்தி, போட்டாச்சு என்றாள். ஆறு, ஒன்பது, முப்பத்தொன்று என்று எண்ணிக்கை ஏறியது. பகல் ஷிஃப்ட்டில் இல்லாத பெண்கள் எல்லாரும் விடுதியில் இருந்த நேரம். நூறு தாண்டியபோது வத்சலாவின் அறையில் அந்த ரம்பப்பல் கோடு எழுந்து வேகமாக நடந்து, கதவைத் தாண்டி இல்லாமல் போனது. இருநூற்று நாற்பதில் நின்றது.

"நா யாரு பேரையும் சொல்லப் போறதில்ல. என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்றேன். பாத்தவுக பேசணும்னா அவுகளே பேசட்டும்" என்றாள் பேச்சித்தாய்.

 எங்கிருந்தோ ஒரு சின்னக் குரல் வந்தது. "அக்கா, மாடிப்படியில நின்னது நாந்தேன். நா சொல்றேன்." அது முடிவதற்குள் இன்னொரு குரல், நானும் என்றது.

சபாபதிக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சபாபதி சார்" என்றாள் பேச்சித்தாய். அவள் குரலில் கோபம் இல்லை. "இப்ப உள்ள இருக்கவுக எல்லாத்தையும் நாங் கூப்பிட்டுருக்கேன். உங்களக் கூப்பிடல. வெளிய போங்க."

சரிம்மா என்றான். வெளியே போகும் பொத்தானைத் தேடினான். இல்லை. எல்லாருக்கும் வைத்தவன், இயக்குபவருக்கு மட்டும் அதை வைக்கவே இல்லை. மேசைக்கடியில் குனிந்து கணினியின் ஒயரைப் பிடுங்கினான்.

கஸ்தூரி வாசலில் வந்து நின்று, என்னதான் பேசுகிறார்கள் அங்கே என்று கேட்டாள். தெரியாது என்றான்.